படம் கீறப் பழகும் பிள்ளைக்கு எந்த மென்பொருள் நல்லது?

காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து எழுதி வாங்கிய பின், கதிரையை விட்டு எழும்பும்போதுதான் நம்மவர்கள் முக்கியமான கேள்வியைக் கேட்பார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு தாயும் அப்படித்தான் கேட்டார்.

“டொக்டர், இவனுக்கு வீட்டிலை படம் கீறிப் பழக ஒரு நல்ல புரோகிராம் சொல்லுங்கோ. பள்ளிக்கூடத்திலை ரீச்சர் கூப்பிட்டுக் கதைச்சவ. பென்சில் பிடிக்கத் தெரியேல்லையாம். ஆனா ரப்லெற்றிலை எவ்வளவு வடிவாக் கீறுறான் தெரியுமோ?”

மகனுக்கு ஐந்தரை வயது. எக்கோல் மத்தெர்னலின் கடைசி வகுப்பு. வரும் செப்டெம்பரில் ‘சே.பே.’ எனப்படும் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டும். தாய் கைத்தொலைபேசியைத் திறந்து மகன் கீறிய படங்களைக் காட்டினார். மயில், குதிரை, கப்பல் என்று வரிசையாக இருந்தன. கோட்டுக்கு வெளியே ஒரு துளி நிறம்கூடப் போகவில்லை.

நான் ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் மேசையில் வைத்து, “எங்கை ராசா, அம்மாவைக் கீறு பாப்பம்” என்றேன். பிள்ளை முதலில் தாளின் நடுவே விரலால் ஒரு தட்டுத் தட்டினான். ஒன்றும் வரவில்லை. பிறகு பென்சிலை உலக்கை பிடிப்பதுபோல முழுக் கையாலும் பிடித்து ஒரு வட்டம் போடப் பார்த்தான். வட்டம் மூடவில்லை.

தாயின் கண்கள் கலங்கிவிட்டன. “நல்லதெண்டு நினைச்சுத்தானே குடுத்தனான், டொக்டர்.”

அவர் விடியற்காலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போகிறவர். கணவர் உணவகம் ஒன்றின் சமையலறையில் நள்ளிரவு வரை நிற்கிறவர். இருவரும் களைத்துக் கிடக்கும் நேரத்தில் பிள்ளையைச் சத்தமில்லாமல் வைத்திருந்தது அந்த ரப்லெற்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கு எனக்குத் தகுதியும் இல்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அந்தத் தாயின் சம்மதத்துடன், ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றி, இதை எழுதுகிறேன்.

லாச்சப்பல் கடைத்தெருவில் என்னைக் கண்டு மறிக்கும் பெற்றோரும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பாடசாலைக்கு அனுப்பாமல் பிள்ளையை வீட்டிலேயே படிப்பிப்பதற்கு பிரான்சில் 2022 ஆம் ஆண்டு முதல் முன் அனுமதி பெற வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு வீட்டுக் கல்வி என்பது புதன்கிழமையும் விடுமுறையும் பாடசாலை முடிந்த மாலை நேரமும்தான். 2020 மார்ச் 16 ஆம் திகதி முதல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நம் வீடுகள் பலவற்றுக்குள் ரப்லெற்றும் மடிக்கணனியும் வந்தன. பாடசாலை திறந்த பின்னும் அவை வீட்டை விட்டுப் போகவில்லை. ஆகவே எதை, எந்த வயதில், எப்படிக் கொடுப்பது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கை வளரும் ஒழுங்கு

படம் கீறுவது வெறும் பொழுதுபோக்கு என்று நாம் நினைக்கிறோம். பிள்ளையின் மூளையும் கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க மருத்துவர்களுக்கு அது ஒரு நல்ல வழி. 1926 இல் அமெரிக்க உளவியலாளர் புளோரன்ஸ் குடினஃப், பிள்ளை கீறும் ஓர் ஆளின் படத்தை வைத்து அதன் வளர்ச்சியை மதிப்பிடும் முறையை வெளியிட்டார். இன்றும் பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும்போது ‘ஒரு ஆளைக் கீறு’ என்று கேட்கிறோம்.

பொதுவான ஒழுங்கு இதுதான். ஒன்றரை வயதளவில் பிள்ளை முழுக் கையாலும் பிடித்துக் கிறுக்கும். இரண்டு வயதில் நெடுங்கோடு இழுக்கும். மூன்றில் வட்டம், நான்கில் சிலுவைக் குறி, ஐந்தை அண்டிச் சதுரம், அதன் பின் முக்கோணம். நான்கு வயதளவில் ஒரு பெரிய தலையும் அதிலிருந்து நேரே முளைத்த கால்களுமாக ஒரு மனிதர் வருவார். உடல் பின்னர்தான் வரும். எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் இவற்றைச் செய்வதில்லை. சில மாதங்கள் முன்பின்னாக இருக்கலாம். படி மட்டும் மாறுவதில்லை.

இந்தப் படிகளில் ஏறுவதற்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் எல்லாம் பலம் பெற வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பென்சிலைப் பிடிக்கப் பழக வேண்டும். எவ்வளவு அழுத்தினால் கோடு தடிக்கும், எவ்வளவு அழுத்தினால் தாள் கிழியும் என்று கை தானே கற்க வேண்டும். எழுதப் படிப்பதும் இதே கைதான்.

கண்ணாடித் திரையில் விரலால் தட்டும்போது இவற்றில் பல நடப்பதில்லை. திரை வழுக்கும். மெல்லத் தொட்டாலும் பலமாகத் தொட்டாலும் பெரும்பாலான செயலிகளில் ஒரே கோடுதான் வரும். தட்டியவுடன் நிறம் தானாக நிரம்பும் செயலியில் பிள்ளை நிறத்தைத் தெரிவு செய்கிறது, கீறவில்லை. அந்தத் தாய் காட்டிய மயிலின் கோடுகளை எங்கோ ஒரு நிறுவனம் போட்டிருந்தது. மகன் தட்டியது மட்டும்தான்.

அதற்காகக் கணனியில் கீறுவது முழுக்கக் கெட்டது என்று சொல்லமாட்டேன். பிழைத்தால் ஒரு நொடியில் திருத்தலாம் என்பதால், பயந்த சுபாவமுள்ள பிள்ளை துணிந்து முயலும். ஒற்றை அறை வீட்டில் வாழ்வோருக்குச் சுவரும் கம்பளமும் தப்பும். கை பலவீனமான, நடுக்கமுள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. தாளில் கீறப் பழகிய கைக்குக் கணனி இன்னொரு கருவியாக அமையும். தாளுக்குப் பதிலாக அதைக் கொடுக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

எந்த வயதில், எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரையின் முன் இருக்கக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பிரான்சில் 2024 ஏப்ரலில் நிபுணர் குழுவொன்று ஜனாதிபதியிடம் கையளித்த அறிக்கை, மூன்று வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்றும் ஆறு வயது வரை மிகவும் கட்டுப்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது.

இதை வைத்து என்னிடம் வரும் பெற்றோருக்கு நான் சொல்லும் கணக்கு இது:

மூன்று வயது வரை: திரை வேண்டாம். தாளும் மெழுகுக் கலரும் போதும்.

மூன்று முதல் ஆறு வரை: தாள் ஒவ்வொரு நாளும். திரையில் கீறுவது கிழமையில் ஓரிரு முறை, ஒரு முறைக்குப் பதினைந்து, இருபது நிமிடம். அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது.

ஆறுக்கு மேல்: ஒரு முறைக்கு அரை மணித்தியாலம் வரை. தொலைக்காட்சி, விளையாட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். படம் கீறும் நேரத்தைத் தனிக்கணக்கில் எழுத வேண்டாம்.

தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியவை

மென்பொருளைப் பிள்ளையிடம் கொடுக்குமுன் நீங்கள் ஒரு தரம் கால் மணித்தியாலம் இருந்து கீறிப் பாருங்கள். கீழுள்ள கேள்விகளுக்கு விடை கிடைக்கும்.

1. திறந்தவுடன் வெற்றுத் தாள் வருகிறதா? ஆயத்தமாகக் கோடு போட்ட படங்கள் மட்டும் வந்தால் அது நிறம் தீட்டும் புத்தகம்.

2. விளம்பரம் வருகிறதா? நடுவில் ‘வாங்கு’ என்ற பொத்தான் வருகிறதா? வந்தால் உடனே அகற்றிவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு விளம்பரமும் விளையாட்டும் ஒன்றுதான்.

3. இணையத் தொடர்பை நிறுத்திவிட்டும் வேலை செய்கிறதா? செய்தால் பிள்ளை வேறெங்கும் வழிதவறிப் போகாது.

4. பெயர், பிறந்த திகதி, படம் கேட்கிறதா? கொடுக்க வேண்டாம். பிரான்சின் சட்டப்படி, தன் தகவல்களை இணையச் சேவைகள் பயன்படுத்துவதற்கு 15 வயதுக்குட்பட்ட பிள்ளை தனியாகச் சம்மதம் தர முடியாது.

5. புள்ளி, நட்சத்திரம், பரிசு என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறதா? அவற்றுக்காகக் கீறும் பிள்ளைக்குப் படத்தில் ஆசை போய்விடும். நிறுத்தச் சொன்னால் அழுகை வரும்.

6. கீறிய படத்தைச் சேமித்து அச்சிடலாமா? குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய படத்துக்கு இருக்கும் மதிப்பு திரைக்குள் கிடக்கும் படத்துக்கு இல்லை.

சொல்லிக் கொடுக்கக்கூடிய சில மென்பொருட்கள்

மேலே சொன்னவற்றுக்கு நான் கண்ட வரை நன்றாகப் பொருந்துவது ‘டக்ஸ் பெயின்ட்’. பில் கென்ட்ரிக் என்ற அமெரிக்கர் தொடங்கி, 2002 இல் முதலில் வெளியிட்டார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இன்றும் அதை வளர்த்து வருகிறார்கள். மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு என்று ஆக்கப்பட்டது. முற்றிலும் இலவசம். விளம்பரம் இல்லை. விண்டோஸ், மாக், லினக்ஸ் கணனிகளிலும் அன்ட்ரொயிட் ரப்லெற்றிலும் வேலை செய்யும். பிள்ளை கோப்புக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. படத்தை அதுவே சேமித்து வைக்கும். முக்கியமாக, அதைத் தமிழிலும் மாற்றிக்கொள்ளலாம். பெற்றோருக்கெனத் தனியாக ஓர் அமைப்புப் பகுதி இருக்கிறது. மொழியைத் தெரிவு செய்வதற்கும் சத்தத்தை நிறுத்துவதற்கும் அதையே பாவியுங்கள். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். ஒரு குறையும் உண்டு. அதிலுள்ள முத்திரைப் படங்களையும் மாயக் கருவிகளையும் கண்டால் பிள்ளை தூரிகையை மறந்து அவற்றையே தட்டிக்கொண்டிருக்கும். முதல் சில நாட்கள் தூரிகையும் நிறமும் மட்டும் என்று சொல்லிப் பழக்குங்கள்.

பிரெஞ்சுக்காரரான புருனோ குதுவான் 2000 ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஜிகொம்ப்ரி’யும் இலவசம். பெயரை வாய்விட்டுச் சொன்னால் பிரெஞ்சில் ‘எனக்கு விளங்கிவிட்டது’ என்று கேட்கும். சுட்டியைப் பிடிக்க, எண்ணப் பழக, எழுத்தறிய என்று பல பயிற்சிகள் உண்டு. கீறுவதற்கென்றே ஆனது என்று சொல்ல முடியாது, துணைக்கு நல்லது.

விண்டோஸ் கணனியில் ஏற்கனவே இருக்கும் ‘பெயின்ட்’ எளிமையானது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் போதும். பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டி உண்மையான ஆர்வம் காட்டும் பிள்ளைக்கு ‘கிரிட்டா’ இலவசமாகக் கிடைக்கிறது, ஓவியர்களே பாவிப்பது. ஐபாட் வைத்திருப்போர் ‘புரோகிரியேட்’டை ஒரு முறை பணம் கொடுத்து வாங்கலாம். ‘ஸ்க்ராச்’சில் பிள்ளை தான் கீறிய உருவத்தை அசைய வைக்கலாம். இங்கே கொலேஜ் கணித பாடத்திலும் அது வருவதால் அந்த உழைப்பு வீண் போகாது.

இன்று சில செயலிகள், இரண்டு சொல் எழுதினால் முழுப் படத்தையும் தாமே ஆக்கிக் கொடுத்துவிடுகின்றன. பெரியவர்களுக்கு அது பயன்படலாம். கை பழக வேண்டிய வயதில் அதைக் கொடுப்பது, நடை பழகும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே திரிவது போன்றது.

கண், கழுத்து, நித்திரை

ரப்லெற்றைக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். கழுத்தும் முதுகும் வளையும்; கண்ணுக்கும் திரைக்கும் ஒரு சாண் தூரம்தான் இருக்கும். மேசையில் இருத்துங்கள். கால் நிலத்தில் முட்ட வேண்டும். முட்டாவிட்டால் ஒரு பெட்டியை வையுங்கள். பிள்ளையின் முழங்கையிலிருந்து விரல் மொளி வரையான தூரத்துக்குக் கிட்டத் திரையோ தாளோ வரக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் ஜன்னலால் ஆறு மீற்றருக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே திரை அணைய வேண்டும்.

கிட்டப்பார்வை பற்றியும் சொல்ல வேண்டும். சீனாவின் குவாங்சூ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் நடத்திய ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. அவற்றில் பாதிப் பாடசாலைகளில் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று ஆண்டுகளில் அப்படி விடாத பாடசாலைகளில் 39.5 வீதமான பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. வெளியில் விட்ட பாடசாலைகளில் அது 30.4 வீதம். மருந்து இல்லை, செலவு இல்லை, வெளிச்சம் மட்டும்தான். லாச்சப்பலுக்கு வந்தால் சாமான் வாங்கிக்கொண்டு நேரே மெற்றோவுக்கு ஓடாமல், பக்கத்திலுள்ள எயோல் பூங்காவில் பிள்ளையை அரை மணித்தியாலம் ஓட விடுங்கள். ஒரு சோக்குக் கட்டி கொண்டு போனால் நிலத்திலேயே கீறலாம்.

தாளுக்குப் பெரிய செலவில்லை

சிறு பிள்ளைக்கு 2பி போன்ற மென்மையான பென்சில் வாங்குங்கள். அழுத்தாமலே கோடு விழும். மெழுகுக் கலரை இரண்டாக முறித்துக் கொடுங்கள். துண்டு சிறிதாக இருந்தால் மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். தாளைச் சுவரில் ஒட்டிக் கீறவிட்டால் தோளும் மணிக்கட்டும் பலப்படும். நம் குசினியிலும் நல்ல பயிற்சிகள் உண்டு: ரொட்டிக்கு மா குழைப்பது, உருட்டுவது, இடியப்ப உரலைச் சேர்ந்து பிழிவது, கடலை உடைப்பது, உடுப்புக் கொடிக்குக் கிளிப் போடுவது. வீட்டில் கோலம் போடுகிறவர்கள் பிள்ளையையும் பக்கத்தில் இருத்துங்கள். விரல் இடுக்கால் மாவை விடும் அந்தக் கைதான் பென்சில் பிடிக்கும் கை.

புத்தகத்துக்கும் படத்துக்கும் ஆல் பஜோலில் 2013 இல் திறக்கப்பட்ட வாக்லாவ் ஹவல் நூலகம் கிட்டத்தான் இருக்கிறது. பாரிஸ் நகர நூலகங்களில் பதிவதற்குக் கட்டணம் இல்லை. லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவு இலவசம். பெத்தி பலேயின் நிரந்தரச் சேகரிப்பு எல்லோருக்கும் இலவசம். ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு போய், பிள்ளைக்குப் பிடித்த ஒரே ஒரு சிலையின் முன் இருத்திவிடுங்கள்.

பக்கத்தில் ஒரு ஆள்

இனி, அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை என்றேனே, அதைச் சொல்கிறேன். என் மகள் சிறுமியாக இருந்த காலத்தில் நானும் ஒரு கீறும் மென்பொருளைக் கணனியில் ஏற்றிக் கொடுத்தேன். நல்ல மென்பொருள்தான். ஊரில் பெற்ற பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள வைப்பதற்காகப் படிப்பும் இரவுக் கடமையுமாக நான் அலைந்த ஆண்டுகள் அவை. பல ஆண்டுகளின் பின் பழைய கணனியை எறியுமுன் திறந்து பார்த்தேன். நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். ஒன்றைப் பற்றியும் நான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒன்றில் மேசையைச் சுற்றி அம்மா, தம்பி, அவள். “நான் எங்கை?” என்று கேட்டேன். “நீங்கள் அப்ப ஒஸ்பித்தாலிலை நிண்டனீங்கள்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது.

ஊரில் ஏடு தொடக்கும்போது அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு பெரியவர் எழுதுவிப்பார். அரிசியும் எழுத்தும் இருந்தால் மட்டும் போதாது, பிள்ளையின் கையின்மேல் ஒரு கை இருக்க வேண்டும் என்று அன்றே தெரிந்து வைத்திருந்தார்கள். ஔவையாரும் சித்திரத்தைக் கைப்பழக்கத்தோடும் தமிழை நாப்பழக்கத்தோடும் சேர்த்தே பாடினார். பிள்ளை கீறும்போது பக்கத்தில் இருந்து தமிழில் கதைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். “என்ன இது?” என்று பரீட்சை வைக்காமல், “இந்தப் படத்தின்ரை கதையைச் சொல்லு பாப்பம்” என்று கேளுங்கள்.

வீட்டில் அம்மம்மா, தாத்தா இருந்தால் அவர்களையும் கீற வையுங்கள். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்த மக்கள் தாம் இழந்த வீடுகளை நினைவிலிருந்து கீறிய வரைபடங்களைச் சேர்த்து 2011 இல் ஒரு நூலாக்கினார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சுவாமி அறை எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மம்மா தன் வீட்டைத் தாளில் கீறட்டும். பேரப்பிள்ளை நிறம் தீட்டட்டும். எந்த மென்பொருளிலும் கிடைக்காத பாடம் அது.

எப்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும்?

நான்கு வயதாகியும் வட்டம் போட முடியாவிட்டால், ஐந்தரை வயதிலும் முழுக் கையால் பென்சில் பிடித்தால், ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றதை ஒதுக்கினால், தாளுக்கு மிகக் கிட்டக் குனிந்தால், தலையைச் சரித்துப் பார்த்தால், முன்பு செய்ததைப் பிள்ளை இப்போது செய்யாவிட்டால், காத்திருக்க வேண்டாம். பிள்ளையின் கர்னே து சாந்தேயில் பிறந்தது முதல் 16 வயது வரை 20 கட்டாயப் பரிசோதனைகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கு நூறு வீதம் காப்புறுதி உண்டு. ஆறு வயது வரை பே.எம்.இ. நிலையத்தில் இலவசமாகக் காட்டலாம். கைப்பயிற்சி தேவைப்பட்டால், தனியாருக்குப் பணம் கட்டுமுன், ஆறு வயது வரை கம்ஸ்ப், அதற்கு மேல் சே.எம்.பே.பே. நிலையங்களைப் பற்றிக் கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை. காத்திருக்கும் காலம் நீளமாக இருப்பதால் நேரத்துடன் பதிய வேண்டும்.

அந்தப் பிள்ளையின் கண்ணிலும் நரம்பிலும் ஒரு குறையும் இருக்கவில்லை. பழக்கம்தான் போதவில்லை. தாய் ரப்லெற்றைச் சனிக்கிழமைக்கு என்று ஒதுக்கினார். வேலையால் வந்து தேத்தண்ணி குடிக்கும் கால் மணித்தியாலம் மகனோடு தாளில் கீறினார். “எனக்கே கீறத் தெரியாது டொக்டர், ரெண்டு பேரும் சேர்ந்து பழகிறம்” என்றார். மூன்று மாதத்தின் பின் வந்தபோது மகன் ஒரு படம் கொண்டு வந்தான். மூடிய வட்டத்தில் முகம். இரண்டு கைகளிலும் ஐந்தைந்து விரல்கள். ஒரு கையில் பெரிய சாவிக்கொத்து.

“அது அம்மா வேலைக்குப் போற திறப்பு” என்று தமிழில் விளக்கம் சொன்னான். அந்தப் படம் இப்போது என் மேசைக்குப் பின்னால் சுவரில் இருக்கிறது.